கொட்டாவிக்குக் கிடைத்த பட்டம்

மெத்தைத் தயாரிப்பின் நெடிய வரலாற்றில் இதுவரை நிகழ்ந்திராத, இனி நிகழ வாய்ப்பும் இல்லாத ஒரு மாபெரும் சீர்திருத்தம் வரும் திங்கட்கிழமை முதல் அமலுக்கு வருகிறது என்பதை நிர்வாகம் பெருமிதத்துடனும் மிகுந்த பணிவுடனும் தெரிவித்துக்கொள்கிறது. அன்று முதல் இத்தொழிற்சாலையில் எவருக்கும் பட்டப்பெயர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு பதவிப்பெயர் வழங்கப்படும். அதைச் சொல்லியே ஒருவரையொருவர் அழைக்க வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை பாயும்.

இந்த அறிவிப்பைப் பஞ்சு அறையின் வாசலில் ஒட்டினார்கள். மதியத்துக்குள் அதன்மேல் மெல்லிய பஞ்சுப் படலம் படிந்து, 'நடவடிக்கை பாயும்' என்ற வரி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

அங்கே எல்லாவற்றின் கதியும் அதுதான். உயரமான சன்னல்கள் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அதற்குள் பஞ்சுத் துகள்கள் எங்கே போவதென்று தீர்மானிக்காமல் மிதந்துகொண்டிருக்கும். தையல் எந்திரங்களின் சத்தம், பக்கத்து அறையில் யாரோ பெரிய உடம்புக்காரர் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். விறுவிறுவென்று நடந்து வருகிறவர்களைக்கூட அந்தக் காற்று கொஞ்சம் மெதுவாக்கித்தான் உள்ளே விடும். அப்படிப்பட்ட இடத்தில் இயற்பெயர்கள் நிலைப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அது எங்கேயோ பஞ்சுக்குள் விழுந்து காணாமல் போகும். வேறொன்று மேலே மிதந்து வரும். மெத்தையின் ஓரத்தைத் தைக்கும் அம்மாளுக்கு 'அவசரம்' என்று பெயர். அவர் எதையும் அவசரமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. முதலாளிக்குத் 'தலையணை'. கடைசியாக யார் சாய்ந்தாரோ அவருடைய வடிவத்திலேயே சில நாட்கள் இருப்பார். இது முதலாளிக்குத் தெரியாது என்பது எல்லோருடைய நம்பிக்கை.

இம்முறை அவர்மேல் சாய்ந்தவர் ஓர் ஆலோசகர். கழுத்துப்பட்டையும் மினுங்கும் காலணியுமாக வந்த அவர், எல்லோரையும் பஞ்சு மூட்டைகளின் மேல் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"நம்ம மொழியில எல்லாத்துக்கும் பேர், பேர்னு ஒரே வார்த்தையைச் சொல்லிட்டுப் போயிடறோம். இங்கிலீஷ்ல பாருங்க. ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம், சர்நேம், மெய்டன் நேம், பெட் நேம், பென் நேம், ஏலியஸ், டைட்டில், டெசிக்னேஷன். ஒவ்வொண்ணுக்கும் அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. நிக்நேம் மட்டும் ஆபீஸுக்குள்ள வரவே கூடாது."

இயற்பெயர், செல்லப்பெயர், புனைபெயர் என்று நம் மொழியிலும் வேண்டிய மட்டும் உண்டு. அவற்றையெல்லாம் அவர் காலால் மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"இத்தனையும் ஒரே ஆளுக்கா சார்?" என்றார் அவசரம்.

"ஆமாம்மா."

"அப்ப கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அந்த ஆளு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திடுவாரே."

ஆலோசகர் சிரிக்கவில்லை. அன்று சாப்பாட்டு வேளை முடிவதற்குள் அவருக்கு 'அகராதி' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நிஜமான அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். அவர் பெயர் கொட்டாவி.

கொட்டாவியின் வேலை தூங்குவது. கிண்டல் இல்லை, சம்பளத்துக்குத் தூங்குவது. புதுவகை மெத்தை எதைச் செய்தாலும் முதலில் அவரைத்தான் அதில் படுக்க வைப்பார்கள். நீலத் திரை போட்ட சிறிய அறை. படுத்த கொஞ்ச நேரத்தில் அவர் கிணற்றில் போட்ட கல்லாக இறங்கிவிடுவார். அவசரம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மூடிய இமைகளுக்குள் கருவிழி உருளத் தொடங்கியதும், "கொட்டாவி" என்று கூப்பிடுவார். அவர் கண் திறந்த அடுத்த நொடி, கனவு கலைந்து ஓடுவதற்குள், "என்ன பார்த்தே?" என்று கேட்டுவிட வேண்டும். படிக்கட்டில் இறங்கினேன் என்றால் ஸ்பிரிங் விறைப்பு. ஆற்றில் மிதந்தேன் என்றால் பஞ்சு தொளதொளப்பு. யாரோ கல்யாண வீட்டில் அடுப்படியில் நின்றேன் என்றால் மேல்துணி காற்று விடவில்லை. இந்த முறைக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் கிடையாது. பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் அவர் முந்தின இரவு அதிகம் சாப்பிட்டிருப்பார். ஆனாலும் வருடக்கணக்காக இப்படியே நடந்ததில், தொழிற்சாலை மெத்தைமேல் படுத்திருக்கும் கொட்டாவிக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாமல் போய்விட்டது. ஒருமுறை பக்கத்துக் கிடங்கில் இரும்பு அலமாரி சரிந்து விழுந்தபோது மொத்தத் தொழிற்சாலையும் தெருவுக்கு ஓடியது. அவர் புரண்டு படுத்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஆங்கிலப் பட்டத்தில் ஆசை வந்ததற்குக் காரணம் அவர் மகள்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அழைப்பிதழ் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. சம்பந்தி குடிநீர் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற முதுநிலைத் துணை இணை மேற்பார்வை அதிகாரி. அதை அழைப்பிதழில் ஒரே வரியில் அடக்க முடியாமல் அச்சகக்காரர் இரண்டாவது வரிக்கு மடக்கியிருந்தார்.

"அப்பா, அவங்க பேருக்குக் கீழ ரெண்டு வரி இருக்கு. உங்க பேருக்குக் கீழ வெறும் காகிதம்தான் இருக்கு. என்ன போடறது?" என்று கேட்டாள் மகள்.

"மெத்தை கம்பெனில இருக்கேன்னு போடும்மா."

"இருந்து என்ன பண்றீங்கன்னு கேப்பாங்களே."

"தூங்கறேன்னு சொல்லு. நல்ல காரியத்துல பொய் எதுக்கு?"

"அப்பா, ப்ளீஸ்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, அவ கேக்கறதுல என்ன தப்பு? நான் பெரிய உத்தியோகம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எவ்வளவு பெரிசு?"

"தனி ரூம் இருக்குன்னேன்."

"அது உண்மைதானே."

"ரூமுக்குள்ள என்ன பண்றீங்கன்னு நான் சொல்லல."

மகள் அழைப்பிதழ் மாதிரியை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் கொட்டாவி சமாளித்திருப்பார். போகிற வீட்டில் அப்பாவை யாரும் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்று அவள் பயப்படுவது தெரிந்துவிட்டது. அந்த வெறும் காகிதத்தில் ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும்.

வந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி ஒவ்வொருவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளும் தகடு கொடுத்தார். அவசரத்துக்கு 'எட்ஜ் ஃபினிஷிங் லீட்'. கொட்டாவிக்கு 'சீஃப் ஸ்லீப் எக்ஸ்பீரியன்ஸ் ஆபீசர்'. தகடு அவர் சட்டைப்பையை விட அகலமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மகள் அதைத் துணியால் துடைத்து, வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து அலமாரியில் சாய்த்து வைத்தாள். அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் மூவரும் அதைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். விருந்தாளிக்கு முதுகு காட்டக் கூடாது அல்லவா.

திங்கட்கிழமை சீர்திருத்தமும் புது மெத்தையும் ஒன்றாக அரங்கேறின. மெத்தைக்கும் ஆலோசகர்தான் பெயர் வைத்திருந்தார்: 'இம்பீரியல் ட்ரீம் சுப்ரீம்'. பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து கொள்முதல் அதிகாரி வந்திருந்தார். சீஃப் ஸ்லீப் எக்ஸ்பீரியன்ஸ் ஆபீசர் அவர் கண்ணெதிரே தூங்கி எழுந்து, மெத்தையைப் பற்றிக் கருத்துச் சொல்வார் என்பது ஏற்பாடு. மகளும் வந்திருந்தாள், அந்தப் பெரிய உத்தியோகத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்ட சம்பந்தியை அழைத்துக்கொண்டு. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குடிநீர்க் குழாயைச் சோதிப்பவர்போலச் சுவர்களைப் பார்த்தபடி வந்தார்.

மகள் அவசரத்தைத் தனியே இழுத்தாள்.

"அத்தை, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிடாதீங்க."

"எந்தப் பேரு?"

"அதான்... அப்பாவோட பேரு."

"அதுல என்னடி குறைச்சல்? உங்கப்பன் ஒரு தடவை வாயைத் திறந்தா இந்த ஹால்ல இருக்கற அத்தனை பேரும் திறப்பாங்க. எந்த மந்திரிக்கு அவ்வளவு செல்வாக்கு இருக்கு?"

"மாமனார் காதுல விழுந்தா அவ்வளவுதான். நாளைக்கு அங்க எனக்கே அதைப் பேரா வச்சிடுவாங்க."

அவசரம் அவள் கன்னத்தைத் தட்டினார். "சரி. என் வாயால வராது. போ."

நீலத் திரையை விலக்கிக் கட்டினார்கள். கொட்டாவி தகட்டைக் குத்திக்கொண்டு படுத்தார். மகளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சன்னல் வெயில் அவர் முழங்கால் வரை வந்து நின்றது. ஒரு பஞ்சுத் துகள் அவர் மூக்குக்கு மேலே தயங்கி, மூச்சுக்காற்றில் ஏறி இறங்கி, கடைசியில் புருவத்தில் உட்கார்ந்தது. அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

போன இடத்தில் ஒரு நீளமான நடைவழி இருந்தது. தரையெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். ஆனால் கால் நனையவில்லை. சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு. அதில் பலர் மடியில் தலையணையை வைத்துக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கொட்டாவியும் போய் ஓரமாக உட்கார்ந்தார். தண்ணீருக்கடியில் கூழாங்கற்கள் மெதுவாக நகர்ந்து இடம் மாறிக்கொண்டிருந்தன, அவற்றுக்கும் யாரோ புது இடம் ஒதுக்கிக் கொடுத்ததுபோல.

இங்கே அவசரம் அவர் இமைகளைப் பார்த்தார். கருவிழி உருண்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்துக்கூட்டிச் சொன்னார்: "சீஃப் ஸ்லீப் எக்ஸ்பீரியன்ஸ் ஆபீசர்."

அங்கே நடைவழியின் கூரையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று கொட்டாவி மரியாதையாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவ்வளவு நீளப் பெயருக்கு எப்படியும் நாலு பேராவது வருவார்கள். யாரும் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஒருமுறை சுழித்து அடங்கியது.

"சத்தமாச் சொல்லுங்கம்மா," என்றார் ஆலோசகர். அவசரம் சத்தமாகச் சொன்னார். ஆலோசகரே சொன்னார், உச்சரிப்போடு. கொட்டாவி புரண்டு படுத்தார். ஹோட்டல் அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் நேம் சொல்லிப் பார்க்கலாம்," என்று முதலாளி ஆலோசகரின் குரலிலேயே சொன்னார்.

பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரை மகள் சொல்ல, ஆலோசகர் அதற்கு முன்னால் ஒரு 'மிஸ்டர்' சேர்த்துக் கூப்பிட்டார்.

நடைவழியில், பெஞ்சின் மறுகோடியில் இருந்து அரைக்கால் சட்டை போட்ட பையன் ஒருவன் எழுந்தான். "உள்ளேன் ஐயா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் சத்தமில்லாமல் நடந்து போனான். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று கொட்டாவி நினைத்தார். பையன் திரும்பிப் பார்க்கவில்லை.

"சர்நேம்," என்றார் ஆலோசகர். நெற்றியில் வியர்வை தெரிந்தது.

நம் ஆட்களுக்குச் சர்நேம் ஏது? இனிஷியலில் மடங்கிக் கிடக்கும் அப்பாவின் பெயரைத்தான் எடுத்து நீட்ட வேண்டும். நீட்டினார்கள்.

நடைவழியில் கொட்டாவிக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறார். சட்டையின் மேல் பித்தானை மாட்டிக்கொண்டே, "என்னையா கூப்பிடறாங்க?" என்று கேட்டார்.

"உங்களைத்தான் போலிருக்கு."

"எதுக்கு?"

"தெரியலப்பா. மெத்தை விஷயமா இருக்கும்."

"எனக்குப் பாயே போதும்னு சொல்லிடு," என்றார் அப்பா.

இங்கே சம்பந்திக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்கார்ந்து, மெத்தைமேல் கிடப்பவரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மகள் முன்னால் வந்து, தோளைத் தொட்டு, "அப்பா," என்றாள். "அப்பா, எழுந்திருங்க."

நடைவழியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ பெண்பிள்ளை யாருடைய அப்பாவையோ தேடுகிறாள். கொட்டாவியும் தன் அப்பா பக்கம் திரும்பினார். "போங்கப்பா, குழந்தை கூப்பிடுது." அப்பா புன்னகைத்தாரே தவிர எழுந்திருக்கவில்லை.

"வீட்ல எப்படிம்மா எழுப்புவீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"அம்மாதான் எழுப்புவாங்க. 'ஏங்க'ன்னு கூப்பிடுவாங்க."

அப்படிக் கூப்பிடும் உறவு அங்கே யாருக்கும் இல்லை. எல்லோருடைய பார்வையும் ஒரு கணம் அவசரத்தின் மேல் போய் நின்றது. "கொன்னுடுவேன்," என்றார் அவசரம்.

அவருக்கு வழி தெரியும். சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், எந்திரத்தில் நூல் கோக்கப் போகிறவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆலோசகர் முதலாளியின் காதருகே குனிந்தார். ரகசியம்தான், ஆனால் ஆங்கிலம் கலந்தால் அவருக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். "சார், தன்னோட டெசிக்னேஷனுக்கே ரெஸ்பாண்ட் பண்ணாத ஒருத்தரை எப்படி அந்த போஸ்ட்ல வச்சுக்கறது? மெஷின் வந்திருக்கு சார். படுக்க வேண்டியதில்ல. அமுக்கிப் பார்த்து அதுவே சொல்லிடும்."

"மெஷினா?" என்றார் முதலாளி. அவர் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. "அப்ப இந்த மாசத்தோட இவரை..."

அது மகளின் காதில் விழுந்தது.

நடைவழி இப்போது அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் சுவர்கள் தீர்ந்து, தண்ணீர் ஆறாகி, வெயில் படர்ந்து கிடந்தது. கரையில் ஒரு மெத்தை படகுபோல ஆடிக்கொண்டிருந்தது. உறையெல்லாம் சுத்தமான வெள்ளை. பெயரெழுதிய சீட்டு எதுவும் தைக்கப்படவில்லை. கொட்டாவிக்கு அது பிடித்திருந்தது. கூப்பிட்டவர்கள் எல்லோரும் யார் யாரையோ கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்; தன்னை யாரும் தேடவில்லை. ஏறி உட்கார்ந்தால் என்ன என்று எழுந்து, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு லேசானது. ஒரு காலைத் தூக்கி மெத்தைமேல் வைத்தார்.

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் எல்லோருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் மனிதனின் முகம். புருவத்தில் பஞ்சு. மார்பில் அவள் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய தகடு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கி, கூரையில் ஒரு வெளிச்சத் துண்டைத் தள்ளாட விட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒருமுறை சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்தாள். முணுமுணுக்கவில்லை, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னாள்.

"கொட்டாவி."

ஆற்றங்கரையில் கொட்டாவி சட்டென்று நின்றார். இது தன்னைத்தான்.

கண் திறந்தது. முதலில் கூரை, பிறகு வெளிச்சத் துண்டு, பிறகு மகள்.

"நீயா கூப்பிட்டே?"

"ஆமாப்பா."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பெயரை அவள் வாயால் அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்துகொண்டே போய், தாடை எலும்பு சொடுக்கி, கண்ணில் நீர் கோத்து, உலகத்தின் மிக நீளமான கொட்டாவிகளில் ஒன்று மெதுவாக வெளியே வந்தது.

அவசரத்துக்குத் தொற்றியது. முதலாளிக்குத் தொற்றியது. ஹோட்டல் அதிகாரி கடிகாரம் கட்டிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். ஆலோசகர் பல்லைக் கடித்துப் போராடிப் பார்த்தார். மூக்கு விடைத்தது, கழுத்துப்பட்டை இறுகியது, கடைசியில் எல்லோரையும் விடப் பெரியதாக அவருக்குத்தான் வந்தது. எந்திரங்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்களிடம் அது வரிசையாகப் பரவி, பஞ்சு அறையைத் தாண்டி, வாசல் காவலர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சற்று நேரம் அந்தத் தொழிற்சாலையில் பதவி உள்ளவர், இல்லாதவர் என்று யாரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு, ஈரக் கண்களோடு, எதையோ ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்போல நின்றார்கள்.

கடைசியாக ஓய்ந்தது சம்பந்தியுடையது. முதுநிலைத் துணை இணை மேற்பார்வை அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். பட்டப்பெயர் தெரிந்துவிட்ட பிறகு அந்தப் பெரிய பதவி கேலியாகத் தெரியுமே என்று, மகள் தகட்டுக்கு நேராகக் கையை வைத்து மறைக்கப் பார்த்தாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உடனே எடுத்துவிட்டாள்.

"சம்பந்தி," என்றார் அவர்.

"சொல்லுங்க."

"பத்து நாளா தூக்கமே இல்ல எனக்கு. வீட்ல புரண்டுக்கிட்டே இருக்கேன். ஊரே கூடி நின்னு கத்தியும் அசையாம ஒரு மனுஷன் தூங்கறதை இப்பத்தான் பார்க்கறேன்." அவர் மெத்தையின் ஓரத்தைப் பொறாமையோடு தடவினார். "இது ரெட்டைக் கட்டில் அளவுல கிடைக்குமா?"

அழைப்பிதழில் என்ன போடுவது என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் எண்ணம் இருந்ததாகவும் தெரியவில்லை. முதலாளி ஆலோசகரின் பக்கமிருந்து மெல்ல நிமிர்ந்து, சம்பந்தியின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். "இவரை மாதிரி ஒரு ஆளு கிடைக்கணுமே சார்," என்று தொடங்கினார்.

அவசரம் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டார். "என்ன பார்த்தே?"

அறை முழுக்கக் கொட்டாவியின் வாயையே பார்த்தது. அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். ஆறு, படகு, அரைக்கால் சட்டை, பித்தான் மாட்டிக்கொண்டிருந்த அப்பா. எல்லாம் வெயிலில் பஞ்சுபோல ஒவ்வொன்றாக விலகி மிதந்து போய்க்கொண்டிருந்தன. அவர் கையை ஊன்றி இம்பீரியல் ட்ரீம் சுப்ரீமை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

மெத்தை சுமார்தான்.